பாடங்கேட்டல் முதல் தேர்வறை வரை: தமிழ்க் கல்வி மரபில் கற்றல் ஒழுக்கமும் அறிவு நேர்மையும்

முன்னுரை

பட்ட வகுப்பின் முதலாண்டு மாணவர் எழுதித் தரும் ஒப்படைவுகளைத் திருத்தும் தமிழாசிரியர்களுக்குப் பழகிப்போன நிலை ஒன்று உண்டு. பத்துப் பேரின் கட்டுரைகளில் ஒரே தொடர், ஒரே சொற்கிடக்கை, ஒரே அச்சுப்பிழை. வினவினால் மாணவர் பெரும்பாலும் அதனை மறைப்பதில்லை. அது தவறு என்பதே அவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. தேர்வறையில் அடுத்தவர் தாளைப் பார்த்தல் குற்றம் என்பதை அவர்கள் அறிவர். ஒரு நூலின் கருத்தை எடுத்தாளும்போது அந்நூலைச் சுட்ட வேண்டும் என்பதை அறியார். முன்னதற்குக் கண்காணிப்பாளர் இருந்தார். பின்னதைப் பள்ளியில் கற்பிக்க எவரும் இலர்.

அறிவு நேர்மை என்பது மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து அண்மையில் வந்த விதி என்றே பலரும் கருதுகின்றனர். தமிழ்க் கல்வி வரலாற்றை நோக்கின் இக்கருத்துப் பொருந்தவில்லை. பழந்தமிழ்க் கல்வியில் நேர்மை தனியொரு விதியாக அன்றி, கற்கும் முறையின் உள்ளேயே அமைந்திருந்தது. எழுத்துத் தேர்வு வந்தபின் கற்றலும் கற்றதை மெய்ப்பித்தலும் பிரிந்தன. அப்பிரிவின் பின்னரே நேர்மையைக் காக்கும் பொறுப்பு மாணவனிடமிருந்து நீங்கிக் கண்காணிப்பாளரிடமும் சட்டத்திடமும் சென்றது. இக்கருதுகோளை இலக்கண நூல், உரைமரபு, திண்ணைப் பள்ளி, எழுத்துத் தேர்வு, பதிப்பு வரலாறு ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு இவ்வரலாறு தரும் பயன் யாது என்பதும் இறுதியில் எண்ணிப் பார்க்கப்படுகிறது.

நன்னூல் காட்டும் கற்றல் முறை

13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என்னும் ஐந்தின் இயல்பையும் தொகுத்துரைக்கிறது. இவற்றுள் மாணாக்கன் வரலாறும் பாடங்கேட்டலின் வரலாறும் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையவை.

கற்பிக்கத் தகாதவர் எனப் பவணந்தியார் பதினைவரைப் பட்டியலிடுகிறார். சோம்பல் உடையவன், தற்பெருமை கொண்டவன், உறக்கம் மிக்கவன் முதலியோரை எவரும் எதிர்பார்க்கலாம். ஆனால் அப்பட்டியலில் கள்வனும் படிறனும் இடம்பெறுகின்றனர் என்பது கருதத் தக்கது. படிறன் என்பான் வஞ்சகன். நேர்மையின்மையை ஒழுக்கக் கேடாக மட்டும் கருதாமல், கற்கும் தகுதியையே இழக்கச் செய்யும் குறையாக நன்னூல் கொண்டது என்பது இதனால் விளங்கும். பிணியாளனையும் அறிவு மந்தமானவனையும் அதே பட்டியலில் சேர்த்து விலக்கியதை இன்றைய கல்விக் கொள்கை ஏற்காது. எனினும் வஞ்சகனைச் சேர்த்ததன் காரணம், அடுத்து அந்நூல் கூறும் கற்றல் முறையை நோக்கும்போது தெளிவாகிறது.

வழக்கை அறிதல், பாடத்தை மறவாது போற்றுதல், கேட்டதை மீள நினைத்தல், ஆசிரியரை அடுத்து ஐயம் நீங்கக் கேட்டல், ஒத்த மாணவரோடு பயிலுதல், வினவுதல், வினவப்பட்டதற்கு விடையளித்தல் ஆகியன மாணவனின் கடமைகளாக நன்னூலில் கூறப்படுகின்றன. இவை ஒவ்வொன்றாலும் விளையும் பயனைப் பவணந்தியார் அளவிட்டும் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் கிடைப்பது கால்பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும்.

இப்பகுப்பின் உட்பொருள் ஆழமானது. எடுத்துரைக்கும் கடமை உடையவன் கல்லாததைக் கற்றதாகக் காட்ட இயலாது. பிறன் சொல்லைத் தன் சொல்லாகக் கூறினும், அடுத்த வினாவில் அது வெளிப்பட்டுவிடும். கண்காணிப்பவர் எவரும் தேவைப்படவில்லை; உடன் பயில்வோரின் வினாவே காவலாக நின்றது. இம்முறையில் வஞ்சகனுக்கு இடமில்லாமல் போவது இயல்பே.

தற்கால உளவியல் ஆய்வும் இதன் ஒரு கூற்றை உறுதிப்படுத்துகிறது. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்ப்பிக்கே இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர் ஐந்து மணித்துளிக்குப் பின் நடந்த சோதனையில் முன்னின்றனர். இரு நாள்களுக்குப் பின்னும் ஒரு வாரத்திற்குப் பின்னும் நடந்த சோதனைகளில், நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துரைத்துப் பழகியவர்களே முன்னின்றனர். கேட்டதை மீள நினைத்தலைக் கடமையாக வைத்த இலக்கண ஆசிரியரின் பட்டறிவு வெறும் மரபுரை அன்று.

மூலத்தைச் சுட்டும் மரபு

நூலுக்குரிய பத்துக் குற்றங்களைத் தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் கூறுகின்றன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என வரும் அப்பட்டியலில் பிறர் நூலைக் கவர்தல் என்பது இல்லை. இதனைக் கொண்டு, பழந்தமிழர் கருத்துத் திருட்டைக் குற்றமாகக் கருதவில்லை என முடிவு செய்வோர் உளர். அம்முடிவு முழுமையானதன்று.

முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூலை மூவகைப்படுத்திய மரபே, ஒவ்வொரு நூலும் தான் எதிலிருந்து தோன்றியது என்பதைக் கூறக் கடமைப்பட்டது என்னும் எண்ணத்தின் மேல் எழுந்தது. சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வைக்கப்படுவது ‘வழி’ ஆகும். ஒரு நூலின் முகப்பிலேயே அதன் மூலத்தை அறிவிப்பது இலக்கண விதியாகவே இருந்தது. பழைய சூத்திரத்தை மாற்றாமல் எடுத்தாள்வதற்கும் நன்னூல் காரணம் கூறுகிறது: முன்னோரின் பொருளோடு அவர்தம் சொல்லையும் போற்றுதல் ஒன்று, அவரினும் வேறாகப் புதுநூல் செய்தோம் என்னும் உரிமை கொண்டாடாமை மற்றொன்று. எனவே எடுத்தாளுதல் அன்று தடை செய்யப்படவில்லை. எடுத்தாண்டதை மறைத்தலே மரபுக்குப் புறம்பானது.

உரையாசிரியர்களிடம் இந்நெறி மேலும் வளர்ந்தது. இறையனார் களவியலுரை, அவ்வுரை நக்கீரர் தொடங்கி முசிறியாசிரியர் நீலகண்டனார் வரை எவரெவர் வாயிலாக வழிவழி வந்தது என்பதைப் பெயர் சுட்டி உரைக்கிறது. அப்பட்டியலின் வரலாற்று உண்மை வேறு ஆய்வுக்குரியது. கேட்டறிந்த பொருளுக்கு மூலம் கூற வேண்டும் என்னும் உணர்வு அதில் வெளிப்படுவதே இங்கு வேண்டப்படுவது. சேனாவரையர் தமக்கு முந்திய இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ எனச் சுட்டி, அவர் கருத்தை எடுத்துரைத்த பின்னரே மறுக்கிறார். சங்கரநமச்சிவாயர் எழுதிய நன்னூல் உரையைச் சிவஞான முனிவர் திருத்தினார். அவ்வுரை இன்றளவும் இருவர் பெயராலும் வழங்கி வருகிறது.

மரபில் குறைகள் இல்லை என்பதற்கில்லை. உரையாசிரியர் பலர் மேற்கோள் பாடல்களை நூற்பெயர் கூறாமல் தந்தனர். கேட்போர் அனைவரும் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்த காலத்தில் அது மறைத்தல் ஆகாது. அக்கல்விச் சூழல் அழிந்தபின் அம்மேற்கோள்களின் மூலத்தைத் தேடுவதே பதிப்பாசிரியர்களின் பெரும்பணி ஆயிற்று. மூலம் சுட்டும் கடமை காலத்திற்கும் கேட்போருக்கும் ஏற்ப மாறுவது என்பதை இது உணர்த்துகிறது.

திண்ணைப் பள்ளி

புலவர் மரபில் கண்ட கூறுகள் எளிய வடிவில் திண்ணைப் பள்ளிகளிலும் இருந்தன. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பின் முடிவுகளை 1826இல் குறிப்பாக வெளியிட்டார். அதன்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். மணலில் எழுத்துப் பழகுதல், ஓலையில் எழுதுதல், எண்சுவடியை உரக்கச் சொல்லுதல், மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தல் என்பன அப்பள்ளிகளின் பயிற்றுமுறைகளாகும்.

எழும்பூரில் இருந்த ஆண் ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியில் 1789 முதல் பொறுப்பு வகித்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் வழக்கத்தை இங்குக் கண்டு தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் நடைமுறைப்படுத்தினார். இதனை விவரித்து 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அது பிரித்தானியப் பள்ளிகளிற் பரவியது.

இப்பள்ளிகளைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெரும்பாலும் இவற்றிற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். தண்டனைகள் கடுமையாக இருந்தன. பொருள் விளங்கா மனப்பாடமும் இருந்தது. எனினும் மாணவன் தான் கற்றதை நாள்தோறும் ஆசிரியர் முன்னும் தோழர் முன்னும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்ததால், கற்றலும் அதனை மெய்ப்பித்தலும் ஒரே செயலாக நிகழ்ந்தன.

எழுத்துத் தேர்வின் வருகை

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் நுழைவுத் தேர்வாகிய மெட்ரிகுலேசன், உயர்நிலைப் பள்ளிகளின் இறுதி இலக்காக மாறியது. அரசுப் பணிக்குத் தேர்ச்சிச் சான்று தேவைப்பட்டதால் தேர்வு கல்வியின் அளவுகோலாக மட்டுமன்றி வாழ்வின் வாயிலாகவும் ஆயிற்று. மாணவனை அறியாத ஒருவர், மாணவன் இல்லாத இடத்தில், ஆண்டுக்கு ஒருமுறை எழுதப்பட்ட தாளைக் கொண்டு அவன் கல்வியை அளந்தார். கற்றல் ஓரிடத்திலும் மெய்ப்பித்தல் வேறிடத்திலும் நிகழ்ந்தன. இவ்விரண்டிற்கும் இடையே தோன்றிய வெளியில்தான் வினா ஊகம், விடைக் கையேடு, பார்த்து எழுதுதல் ஆகிய யாவும் புகுந்தன.

1902ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழக ஆணையம், தேர்வு கற்பித்தலுக்குக் கட்டுப்படாமல் கற்பித்தல் தேர்வுக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதே பல்கலைக்கழகக் கல்வியின் பெருந்தீங்கு எனக் கண்டது. அரை நூற்றாண்டுக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்வி ஆணையம் தன் 1953ஆம் ஆண்டு அறிக்கையில் புறத்தேர்வுகளைக் குறைக்கவும், பள்ளியிலேயே பேணப்படும் மாணவர் பதிவேட்டையும் அகத்தேர்வுகளையும் இறுதி மதிப்பீட்டிற் கருதவும் பரிந்துரைத்தது. பிரிந்தவற்றை மீண்டும் இணைக்கும் முயற்சியாகவே இதனைக் கொள்ள வேண்டும். 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தொழிற்கல்வி இடங்களோடு பிணைக்கப்பட்டதால் நிலைமை இதற்கு மாறாகவே வளர்ந்தது. கையேட்டு உரைகளின் செல்வாக்கிற்குச் சான்று வேண்டின், ‘கோனார்’ என்னும் ஆசிரியர் பெயரே மாணவர் வழக்கில் உரைநூலைக் குறிக்கும் பொதுச்சொல்லாக மாறியதை நினைத்தல் போதும். அவ்வுரையைக் குறை கூறுவதற்கில்லை. பழைய உரைமரபின் தொடர்ச்சியாகவே அதனைக் கருதலாம். உரையைப் பாடத்திற்குத் துணையாகக் கொள்ளாமல் பாடத்திற்கு மாற்றாகக் கொண்டதே குறை.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. எழுத்துத் தேர்வு தீமை மட்டும் கொண்டு வந்ததன்று. திண்ணைப் பள்ளியின் வாயிலில் நிறுத்தப்பட்ட குலங்களில் பிறந்தவனின் விடைத்தாளும் எண்ணால் மட்டுமே அறியப்பட்டுத் திருத்தப்பட்டது. பெயரும் சாதியும் அறியாத திருத்துநரின் கையில் அவன் உழைப்பு மட்டும் பேசியது. தலைமுறையில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த மாணவர்க்குத் தேர்வின் நேர்மையைத் தவிர வேறு பரிந்துரை இல்லை. ஆதலின் தேர்வறையில் நிகழும் ஒவ்வொரு மோசடியும், வேறு துணை ஏதுமற்ற ஒரு மாணவனிடமிருந்து செய்யப்படும் களவாகும். தேர்வு முறையின் குறையைக் காட்டிப் பார்த்து எழுதுதலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பார்க்கு இதுவே விடை.

பதிப்பாசிரியர்கள் காட்டிய வழி

எழுத்துத் தேர்வு வேரூன்றிய அதே காலத்தில் தமிழில் அறிவு நேர்மைக்குப் புதிய இலக்கணமும் உருவாயிற்று. அதனை உருவாக்கியோர் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் 1876இல் மறையும்வரை பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஒருவர் தேர்வுக் கல்வியிலும் மற்றவர் குருகுலக் கல்வியிலும் உருவானவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. நேர்மை எந்தக் கல்வி முறைக்கும் தனியுடைமையன்று.

சாமிநாதையரின் பணியில் மூன்று பழக்கங்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்கவை. முதலாவது, அறியாததைக் கேட்டறிதல். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவியபோது, அந்நூலைத் தாம் பயிலவில்லை என்பதை அவர் உணர்ந்தார். கும்பகோணத்துச் சமணரை நாடிச் சமண சமயச் செய்திகளைக் கேட்டுத் தெளிந்தார்; பின்னர் மணிமேகலைக்காகப் பௌத்தக் கருத்துகளைப் பேராசிரியர் ரங்காசாரியாரிடம் கேட்டறிந்தார். இவற்றைத் தம் வரலாற்றில் மறையாது எழுதினார். இரண்டாவது, உதவியைப் பதிவு செய்தல். ஏடு தந்தவர் பெயரையும் ஊரையும் பதிப்புகளில் குறித்தார். மூன்றாவது, இல்லாததை இல்லாததாகவே விடுதல். 1894இல் வெளிவந்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பல பாடல்கள் சிதைந்திருந்தன. 1904இல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. செய்யுள் இயற்ற வல்ல அவருக்கு அவ்விடங்களை நிரப்புதல் அரிதன்று. ஆனால் இடைவெளிகள் இடைவெளிகளாகவே அச்சேறின. இன்று சங்க நூல்களை நாம் நம்பிக்கையோடு ஆராய்வதற்கு அவ்வெற்றிடங்களே சான்றாக நிற்கின்றன.

இதற்கு எதிர்மறைச் சான்றும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் ‘இன்னிலை’ என்னும் நூலை வ. உ. சிதம்பரம் பிள்ளை பழைய நூலெனக் கொண்டு உழைத்துப் பதிப்பித்தார். பதினெண்கீழ்க்கணக்கில் அதற்கு இடமளிப்போரும் இருந்தனர். 1931இல் கைந்நிலை வெளிவந்தபின் அக்கணக்கில் அதுவே ஏற்கப்பட்டது. இன்னிலை பிற்காலத்தார் புனைந்தது என ஆய்வாளர் பலர் கருதினர். யாரோ ஒருவர் செய்த புனைவு, நாட்டுக்காகச் செக்கிழுத்த நேர்மையாளர் ஒருவரின் உழைப்பையே வீணாக்கியது. அறிவுலகில் பொய் என்பது கூறியவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

சட்டமும் அதன் எல்லையும்

விடுதலைக்குப் பிந்திய இந்தியாவில் தேர்வு மோசடியைச் சட்டத்தால் அடக்கும் முயற்சிகள் பல நடந்தன. உத்தரப்பிரதேச அரசு 1992இல் பார்த்து எழுதுதலைப் பிணையில் வர இயலாத குற்றமாக்கியது. அவ்வாண்டு அம்மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பள்ளிச் சிறார் சிறை செல்ல நேர்ந்ததால் எதிர்ப்பு எழுந்தது. அடுத்து வந்த அரசு அச்சட்டத்தை நீக்கியது. 2024இல் நடுவண் அரசு இயற்றிய பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம் இப்பட்டறிவைக் கருத்திற் கொண்டதாகத் தோன்றுகிறது. வினாத்தாள் கசிவு போன்ற அமைப்புவழி மோசடிகளுக்கு 10 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கும் அச்சட்டம், தேர்வரை அந்தந்தத் தேர்வு அமைப்பின் விதிகளுக்கே விட்டுவைக்கிறது.

உயர்கல்வியில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்கும் ஒழுங்குமுறைகளை வகுத்தது. ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் நடவடிக்கைக்கு அது வழி செய்கிறது. இவ்விதி கல்லூரி வாயிலுக்கு உள்ளேதான் செல்லும். பள்ளி மாணவன் பதினெட்டு வயது வரை எடுத்தெழுதப் பழக்கப்பட்டு, கல்லூரியில் நுழைந்த மறுநாள் அதற்காகத் தண்டிக்கப்படுகிறான். வினாவைத் தந்தால் விடையை முழுமையாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கைப்பேசியிலேயே கிடைக்கும் இந்நாளில், ஒப்புமை விழுக்காட்டை எண்ணும் முறையும் போதாததாகிவிட்டது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு ஏற்ற சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, நன்னூல் கூறும் கால்பங்குக் கணக்கை வகுப்பறையில் நடைமுறைப்படுத்தலாம். வாரம் ஒருமுறையேனும் மாணவர் ஒவ்வொருவரும் தாம் படித்த ஒரு பகுதியை நூலின்றி உடன் பயில்வோர்க்கு விளக்கி, அவர்தம் வினாக்களுக்கு விடை கூறுதல் வேண்டும். கருவி எழுதித் தந்த கட்டுரையும் இவ்வினாக்களின் முன் நில்லாது. ஐம்பது, அறுபது மாணவர் உள்ள வகுப்பில் இது கடினமே. எனினும் ஐவர் ஐவராகப் பிரித்துச் சட்டாம்பிள்ளை முறையை அதன் பிரம்பு நீக்கிப் பயன்படுத்தினால் இயலாததன்று.

இரண்டாவதாக, பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ‘வழி’ கூறும் மரபைப் பயிற்சியாக வைக்கலாம். மாணவர் எழுதும் ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் எந்நூலிலிருந்து எதனை எடுத்தோம், எவரிடம் கேட்டறிந்தோம் என இரண்டு வரி எழுதச் செய்தால் போதும். பாயிர இலக்கணத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் மாணவன், அதனைத் தன் எழுத்தில் ஒருமுறையும் கடைப்பிடிக்காமல் பள்ளியை விட்டு வெளியேறுவது முரண்பாடாகும்.

மூன்றாவதாக, ‘தெரியவில்லை’ என எழுதும் மாணவனை இகழாத வகுப்பறை வேண்டும். வெற்றிடத்தை வெற்றிடமாக விட்ட பதிப்பாசிரியரைப் போற்றும் நாம், விடை தெரியாத இடத்தில் எதையேனும் எழுதி நிரப்புக என்றே மாணவரைப் பழக்குகிறோம்.

நான்காவதாக, இவை அனைத்திற்கும் ஆசிரியரே முன்மாதிரியாக நிற்க வேண்டும். குறிப்பேட்டைச் சொல்லி எழுதவைக்கும் ஆசிரியர் அக்குறிப்பின் மூலத்தைக் கூறுவதில்லை. ஆய்வேடுகளிலும் ஆய்விதழ்களிலும் நம் துறையினர் அனைவரும் இந்நெறியில் வழுவாது நின்றனர் என நெஞ்சறியக் கூற இயலாது. மாணவர் ஒப்படைவில் காணும் அச்சுப்பிழை, சில வேளைகளில் ஆசிரியரின் கட்டுரையிலிருந்தே வந்திருக்கிறது. திருத்தும் பணியை அங்கிருந்து தொடங்குவதே முறை.